பாடத்துக்கு நடுவே ஒரு ஆள்

ஸ்பீக்கரா தம்பி அது? மடியில வச்சிருக்கீங்களே, அந்தப் பெட்டியைக் கேட்டேன். கம்ப்யூட்டருக்கா? நல்லது. பஸ்ல மேல தூக்கிப் போடாம மடியிலயே வச்சுக்கிட்டு வர்றீங்க பாருங்க, அதுலயே உங்க அக்கறை தெரியுது. பெரம்பலூர் வரைக்குமா? நானும் அங்கதான்.

கடையில என்ன போட்டுக் காட்டினாங்க? பாட்டா? அதான் எல்லாக் கடையிலயும் பண்றது. பாட்டுல எந்த ஸ்பீக்கரும் நல்லாத்தான் கேக்கும் தம்பி. தபேலாவும் வயலினும் சேர்ந்து ஓட்டையெல்லாம் அடைச்சிடும். நல்லதா கெட்டதான்னு தெரியணும்னா பேச்சு போட்டுக் கேக்கணும். அதுவும் நமக்கு நல்லாப் பழகின ஒருத்தரோட பேச்சு. உங்க அம்மா பேசினதை போன்ல பிடிச்சுக்கிட்டுப் போயிருந்தா அங்கயே தெரிஞ்சிருக்கும். அம்மா அம்மாவா வர்றாங்களா, இல்ல வேற யாரோ பொம்பளை பேசற மாதிரி இருக்கா. அதான் பரீட்சை. வேற ஒன்னும் இல்ல.

வாங்கியாச்சு, விடுங்க. வீட்டுக்குப் போனதும் சுவத்தோட ஒட்டி வைக்காதீங்க. ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும். பெட்டி ரெண்டும் காது மட்டத்துக்கு வரணும், லேசா உங்களைப் பார்த்துத் திரும்பி இருக்கணும். அடியில ரப்பர் துண்டு போடுங்க. இல்லன்னா மேஜையும் சேர்ந்து பேச ஆரம்பிச்சிடும். இதெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரல. ஒரு வருஷமா இதே வேலையாத்தான் இருக்கேன்.

என் பேரு தட்சிணாமூர்த்தி. மின்சார வாரியத்துல இன்ஜினியரா இருந்து ரிட்டயர் ஆனவன். பாதி சர்வீஸ் சப்-ஸ்டேஷன்லதான். அங்க டிரான்ஸ்பார்மர் எந்நேரமும் உறுமிக்கிட்டே இருக்கும், அதுக்கு மேல நாம பேசணும். அதனால குரல் கொஞ்சம் பெரிசாயிடுச்சு. உங்களுக்குச் சத்தமா இருந்தாச் சொல்லுங்க.

கம்ப்யூட்டர் என்னுது இல்ல. என் சம்சாரத்தோடது. கோமளவல்லி. கோமுன்னு கூப்பிடுவேன். போன ஆவணியில தவறிட்டா. காலையில குளிச்சிட்டு வந்து நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தவ, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூட வரல.

அவ பி.ஏ. ஹிஸ்டரி படிச்சவ. வேலைக்குப் போகல, நான் அனுப்பல. என் சம்பளமே தாராளமா இருந்துச்சு, எதுக்கு? எங்க பொண்ணு சுபாஷினி பெங்களூருக்கு வேலைக்குப் போன பிறகு, அவ ரூம் சும்மாக் கிடந்துச்சு, அவ கம்ப்யூட்டரும் சும்மாக் கிடந்துச்சு. அப்பத்தான் கோமு ஒரு காரியம் ஆரம்பிச்சா. பார்வையில்லாத பசங்க காலேஜ்ல படிக்கிறாங்க இல்ல, அவங்களுக்குப் பாடப் புத்தகத்தை வாசிச்சுப் பதிவு பண்ணிக் கொடுக்கிறது. இதுக்குன்னு ஒரு சங்கம் இருக்கு, அங்கிருந்து புத்தகம் வரும். இவ மைக் முன்னாடி உட்கார்ந்து பக்கம் பக்கமா வாசிப்பா. சோழர் நிர்வாகம், இந்தியப் பொருளாதாரம், பிரெஞ்சுப் புரட்சி. ஒவ்வொரு பாடமும் தொடங்கும்போது, "வாசிப்பவர் கோமளவல்லி, எடமலைப்பட்டி புதூர், திருச்சி"ன்னு சொல்லித்தான் தொடங்குவா.

நான் வேலையில இருந்தவரைக்கும் இதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் கிளம்பின பிறகு உட்காருவா போல. ரிட்டயர் ஆகி வீட்டோட இருக்க ஆரம்பிச்சப்புறம்தான் பார்த்தேன். உள் ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு யார்கிட்டயோ பேசிக்கிட்டு இருக்கா. எட்டிப் பார்த்தா யாரும் இல்ல. ஒரு மைக், ஒரு புத்தகம், இவ.

காரியமெல்லாம் முடிஞ்சு ஊருக்குக் கிளம்பறப்ப சுபாதான் அந்தக் கம்ப்யூட்டரைப் போட்டா. பாடம் பாடமா, வருஷம் வருஷமா அடுக்கி வச்சிருந்தா கோமு. சுபா ஒன்னைத் தட்டினா. பக்கத்துல இருந்த ரெண்டு சின்ன பிளாஸ்டிக் ஸ்பீக்கர்ல இருந்து கோமு பேசினா. சுபா அப்படியே தரையில உட்கார்ந்து அழுதா. எனக்கு அழுகை வரல தம்பி. இது அவ இல்லன்னு சொன்னேன். தகர டப்பாவுக்குள்ள உட்கார்ந்து பேசற மாதிரி, மூக்கால பேசற மாதிரி இருந்துச்சு. கோமு குரல் அப்படி இருக்காது. அது கொஞ்சம் அடியில இருந்து வரும். பால் காயற நேரத்துல அடுப்புப் பக்கம் நின்னா ஒரு சத்தம் வரும் பாருங்க, பொங்கறதுக்கு முன்னாடி, அப்படி. சுபா எல்லாத்தையும் பென்டிரைவ்ல எடுத்துட்டுப் போறேன்னா. இப்ப வேணாம், நல்ல ஸ்பீக்கர் வாங்கி நல்லா ஆக்கித் தர்றேன், அப்புறம் எடுத்துக்கன்னு சொல்லிட்டேன்.

அப்படி ஆரம்பிச்சதுதான்.

முதல்ல மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு கடையில வாங்கினேன். கீழ வைக்கிறதுக்குத் தனியா ஒரு பெரிய பெட்டி கொடுத்தான், தரை அதிர்றதுக்கு. வீட்டுல போட்டா கோமு மாநாட்டுல பேசற மாதிரி இருந்துச்சு. பொருளாதாரப் பாடத்தை அப்படிக் கேக்க முடியுமா? திருப்பிக் கொடுத்தேன். அடுத்து ஒன்னு, கச்சிதமா, பேச்சுக்குன்னே செஞ்சதுன்னான். எழுத்து எழுத்தாக் கேட்டுச்சு, ஆனா உடம்பே இல்ல. குரல் இருக்கு, ஆள் இல்ல. அதையும் கொடுத்தேன். கடைக்காரங்க என்னைப் பார்த்தாலே உள்ள போயிடுவாங்க. சுபா போன் பண்ணுவா, போதும்பா, விடுங்கப்பான்னு. அவளுக்குத் தெரியாது. அம்மா குரல் அவளுக்கு ஏதோ ஒரு மாதிரி ஞாபகம் இருந்தாப் போதும். எனக்குச் சரியா வேணும்.

கடைசியில அவளே ஆபீஸ்ல யாரையோ விசாரிச்சு ஒரு ஜோடி அனுப்பினா. மரப்பெட்டி. கறுப்பு. நல்ல கனம். பாட்டு ரெக்கார்ட் பண்றவங்க மேஜையில வச்சுக்கிறதாம். இனிப்பும் சேர்க்காது, உப்பும் சேர்க்காது, உள்ளதை உள்ளபடி கொடுக்கும்னு சொன்னாளாம் அந்த ஆபீஸ்காரி. நான் ஒரு பகல் பூரா உட்கார்ந்து தள்ளி வச்சு, திருப்பி வச்சு, ஜன்னல்ல திரை போட்டு, எல்லாம் சரி பண்ணிட்டுப் போட்டேன்.

வந்துட்டா தம்பி.

எப்படிச் சொல்றது. ரெண்டு பெட்டியும் இருக்கிறதே தெரியல. நடுவுல, மேஜைக்கு அந்தப் பக்கம் அவ உட்கார்ந்திருக்கா. பக்கம் திருப்பறா, தாள் சத்தம் கேக்குது. வளையல் மேஜையில படுது. வாசிக்க வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி உதடு பிரியும் இல்ல, அது கேக்குது. நான் சட்டையைப் போட்டுக்கிட்டு வந்து உட்கார்ந்தேன். ஏன்னு கேக்காதீங்க. பனியனோட உட்கார ஒரு மாதிரி இருந்துச்சு.

அந்த ரெண்டு மாசம் நான் நல்லா இருந்தேன். காலையில விளக்கேத்திட்டுப் போட்டுடுவேன். சமைக்கும்போது ஓடும், சாப்பிடும்போது ஓடும். ஐந்தாண்டுத் திட்டம் எல்லாம் எனக்கு மனப்பாடம். வரிசையாக் கேட்டுக்கிட்டு வந்தேன், பழசுல இருந்து புதுசுக்கு.

அப்புறம்தான் அந்தச் சத்தம்.

வாசிச்சிக்கிட்டே வருவா, சட்டுன்னு நிறுத்துவா. கொஞ்ச நேரம் ஒன்னும் இருக்காது. அப்புறம் விட்ட வரியில இருந்து தொடருவா. பழைய ஸ்பீக்கர்ல கேட்டப்ப அவ தண்ணி குடிக்கிறாள்னு நினைச்சிருந்தேன். மரப்பெட்டியில கேட்டா, அந்த இடத்துல ஒரு ஆள் பேசறான்.

ஆம்பளை. தூரத்துல இருந்து, சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்து. கரகரன்னு ஒரு குரல். கேட்டவுடனே எனக்குப் பிடிக்கல. முதல்ல எர்த் கோளாறுன்னு நினைச்சேன். நான் பார்க்காத எர்த்தா? எர்த் சரியில்லன்னா ரேடியோ ஸ்டேஷன்கூட ஒயர்ல ஏறும். பிளக் மாத்தினேன், ஒயர் மாத்தினேன், வீட்டு எர்த் குழிக்குத் தண்ணி ஊத்தினேன். போகல. ஸ்பீக்கரைத் தூக்கிக்கிட்டுப் போயி ஒரு மெக்கானிக்கிட்டக் கொடுத்தேன். அவர் கேட்டுட்டு, ஸ்பீக்கர் நல்லாருக்கு சார், இது பதிவுலயே இருக்குன்னார். சொல்லிட்டு என் மூஞ்சியவே பார்த்தார். என்ன பார்வையோ.

பழைய பதிவெல்லாம் சுத்தமா இருந்துச்சு தம்பி. கடைசி ஏழெட்டு வருஷத்துப் பதிவுலதான் இந்த ஆள் வர்றான். வரவர அதிகமா வர்றான். நானும் சத்தத்தைக் கூட்டி வச்சுக் கேட்டேன், என்னதான் பேசறான்னு. "கோமு... கோமு, காதுல என்ன அடைச்சிருக்கு"ன்னான். இன்னொரு பாடத்துல, "உள்ள உட்கார்ந்து யார்கிட்ட கத்திக்கிட்டிருக்க"ன்னான். பிரெஞ்சுப் புரட்சியில ரொம்ப நேரம் பேசினான். "நீ வாசிச்சு எவன் கேக்கப் போறான்"னு ஒரு வார்த்தை. அது தெளிவாக் கேட்டுச்சு.

எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுச்சு. என் வீட்டுல, என் பொண்டாட்டிகிட்ட, இப்படிப் பேச எவனுக்குத் துணிச்சல் வந்துச்சு? வாடி போடின்னு வேற பேசறான். நான் எங்க போயிருந்தேன் அப்ப? அவளோட தம்பி ஒருத்தன் இருக்கான், அவன் இல்ல. பக்கத்து வீட்டுக்காரர் சாதுவான மனுஷன். ஒரு நாள் முழுக்க அந்தக் குரலையே போட்டுப் போட்டுக் கேட்டேன். அப்புறம் சுபாவுக்குப் போனைப் போட்டு, ஸ்பீக்கர் பக்கத்துலயே போனை வச்சுக் கேக்க வச்சேன்.

"உங்கம்மாகிட்ட இப்படிப் பேசினது யாரும்மா? உனக்குத் தெரியுமா?"

இன்னொரு தடவை போடுங்கப்பான்னா. போட்டேன்.

"அப்பா, அது நீங்கப்பா."

"நான் விளையாட்டுக்குக் கேக்கல."

"நானும் விளையாட்டுக்குச் சொல்லலப்பா. நான் இருந்தப்பவும் இதே குரல்தான்."

வச்சிட்டேன். ஒரு பொண்ணு அப்பனைப் பத்திச் சொல்ற பேச்சா அது? பெங்களூர் போனா எல்லாம் இப்படித்தான் ஆயிடுதுங்க. என் குரல் எனக்குத் தெரியாதா? இதோ உங்ககிட்ட இவ்வளவு நேரம் பேசிக்கிட்டு வர்றேன், இப்படியா இருக்கு? அதுக்கப்புறம் ரொம்ப நாள் அவகிட்ட நான் பேசல.

சிறுகனூர் வந்துடுச்சா? இங்க டீ நல்லாருக்கும், ஆனா நிறுத்தமாட்டான்.

அந்தச் சமயத்துலதான் செங்குட்டுவன் வந்தார். பெரம்பலூர்ல ஸ்கூல் வாத்தியார். ரெண்டு கண்ணும் தெரியாது. காலேஜ்ல படிக்கும்போது கோமு வாசிச்ச பாடத்தைக் கேட்டுத்தான் பாஸ் பண்ணினாராம். அவ தவறின சேதி அவருக்கு லேட்டாத்தான் கிடைச்சிருக்கு. பாடத்தோட தொடக்கத்துல சொல்ற ஊரை வச்சுக்கிட்டு ஆட்டோ பிடிச்சு, விசாரிச்சு விசாரிச்சு, எங்க வீட்டு கேட்டுல வந்து நிக்கிறார். கையில குச்சி, தோள்ல பை. நான் ஏதோ நன்கொடை கேக்க வந்தவர்னு நினைச்சு உள்ள இருந்தே குரல் கொடுத்தேன். யாரு, என்ன வேணும்னு. அவ்வளவுதான் கேட்டேன்.

அவர் அப்படியே நின்னார். குச்சியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டார்.

"சாருங்களா?"ன்னார். "வணக்கம் சார். கோமளவல்லி அம்மா வீட்டுக்குத்தான் வந்தேன். வீடு சரிதான். உங்க குரலை எனக்குத் தெரியும்."

எனக்கு முதல்ல பெருமையாத்தான் இருந்துச்சு தம்பி. அப்புறம்தான் உறைச்சுது. இவரை நான் பார்த்ததே இல்ல, என் குரல் இவருக்கு எப்படித் தெரியும்?

உள்ள கூப்பிட்டு உட்கார வச்சேன். காபி கொடுத்தேன். நல்ல மரியாதையான ஆளு. அவரா எதையும் சொல்ல வரல, நான்தான் கேட்டேன். ஹாஸ்டல்ல ஒரு ரூம்ல ஆறு பேராம். எல்லாரும் இயர்போன் மாட்டிக்கிட்டு ஒரே பாடத்தைக் கேப்பாங்களாம். "எங்களுக்குக் காதுதானே சார் எல்லாம்"னார். அந்த ஆள் குரல் வர்ற இடம் வந்தா, அம்மா மறுபடி வாசிக்க ஆரம்பிக்கிற வரைக்கும் எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருப்பாங்களாம். அம்மாவுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்கும் சார்னு சொன்னார். என்னத்துக்குப் பயம்? நான் என்ன கை நீட்டற ஆளா? ஒரு நாள்கூட அவமேல நான் கை வச்சதில்ல. அதை அவர்கிட்டயே சொன்னேன். தலையை ஆட்டிக்கிட்டார்.

ஒரு தடவை பசங்க எல்லாம் சேர்ந்து கோமுவுக்குப் போன் பண்ணினாங்களாம். எங்களால உங்களுக்கு வீட்டுல கஷ்டம்னா விட்டுடுங்கம்மா, நாங்க வேற யாரையாவது வாசிக்கச் சொல்லிக்கிறோம்னு. கோமு சிரிச்சாளாம். கஷ்டமெல்லாம் ஒன்னும் இல்லப்பா, அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், அதான் சத்தமாப் பேசறார், மத்தபடி நல்ல மனுஷன்னு சொன்னாளாம்.

பாருங்க. அவளே சொல்லியிருக்கா, நல்ல மனுஷன்னு. சுபாவுக்கு உடனே போன் பண்ணி இதைச் சொல்லணும்னு தோணுச்சு. ஆனா காது மந்தம்னு அவ ஏன் சொன்னாள்னுதான் புரியல. எனக்கா காது மந்தம்? மறுநாளே காது மூக்கு டாக்டர்கிட்டப் போனேன். கண்ணாடி ரூம்ல உட்கார வச்சு சோதனை பண்ணினாங்க. இந்த வயசுக்கு உங்க காது அபூர்வம் சார்னார் டாக்டர். ஊசி விழுந்தாக் கேக்கும்னார். அந்தச் சீட்டை வச்சிருக்கேன். யார்கிட்டக் காட்டறதுன்னு தெரியல.

சரி. நான்தான்னே வச்சுக்குவோம். வீட்டுல மனுஷன் பேசமாட்டானா? கண்ணாடி எங்க, சாவி எங்கன்னு கேக்கமாட்டானா? பதிவு நடக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஆனா ஒன்னு தோணுச்சு. அது அவ உழைப்பு. அத்தனை வருஷம் உட்கார்ந்து வாசிச்சிருக்கா. நடுநடுவுல ஒரு ஆள் கத்தினா அது நல்லாவா இருக்கு? அதை எடுத்துட்டா பாடம் சுத்தமாயிடும். படிக்கிற பசங்களுக்கும் நல்லது, அவளுக்கும் மரியாதை.

தில்லைநகர்ல தாரிணின்னு ஒரு பொண்ணு ஸ்டுடியோ வச்சிருக்கு. கல்யாண மண்டபம், ஜவுளிக்கடைக்கெல்லாம் விளம்பரம் பேசிக் கொடுக்கிற பொண்ணு. அதுகிட்ட எல்லாப் பாடத்தையும் கொடுத்தேன். அது ஹெட்போன் மாட்டிக்கிட்டுக் கொஞ்ச நேரம் கேட்டுச்சு. அந்த ஆம்பளைக் குரலை மட்டும் தனியா உருவறது கஷ்டம் சார், அம்மா நிறுத்தினதுல இருந்து மறுபடி தொடங்கற வரைக்கும் அந்தத் துண்டையே எடுத்துடலாம், ஒட்டினது தெரியாதுன்னு சொல்லுச்சு. மொத்தமா எடுத்துடுன்னேன். முடிச்சுக் கொடுக்கும்போது, பழசையும் ஒரு காப்பி வச்சுக்கோங்க சார்னு சொல்லுச்சு. எதுக்கும்மான்னு கேட்டேன். நீயும் வச்சுக்காதேன்னு சொல்லிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பழசை அழிச்சது நான்தான். நிச்சயமா அழிக்கவான்னு கம்ப்யூட்டர் கேட்டுச்சு. ஆமான்னு அழுத்தினேன்.

அப்புறம் கேக்கக் கேக்க ஆனந்தமா இருந்துச்சு. நிக்காம ஓடும். எங்கயும் தடங்கல் இல்ல. யாருமே இல்லாத வீட்டுல உட்கார்ந்து வாசிச்ச மாதிரி அவ்வளவு சுத்தம்.

போன மாசம் ஒரு மத்தியானம். உள் ரூம்ல சோழர் நிர்வாகம் ஓடிக்கிட்டு இருக்கு. கிராம சபை, குடவோலை. நான் ஹால்ல உட்கார்ந்து பேப்பர் எடுத்தேன். கண்ணாடியைக் காணோம். மேஜையில இல்ல, டிவி மேல இல்ல. உள்ள அவ வாசிச்சிக்கிட்டு இருக்கா. அந்த ஸ்பீக்கர் அப்படித் தம்பி, ஹால்ல இருந்து கேட்டா ஆள் இல்லன்னு சொல்லவே முடியாது. எனக்கு மறந்தே போச்சு. உட்கார்ந்த இடத்துல இருந்தே கூப்பிட்டேன்.

"கோமு, என் கண்ணாடியை எங்க வச்சே?"

அவ பாட்டுக்கு வாசிக்கிறா.

"கோமு... கோமு, காதுல என்ன அடைச்சிருக்கு?"

சொல்லி முடிச்சதும் கேட்டேன் தம்பி. அதே குரல். அதே கரகரப்பு. எதுத்த சுவத்துல பட்டு அப்படியே திரும்பி வந்துச்சு. மைக்குக்கு எப்படிப் போய்ச் சேர்ந்திருக்குமோ அப்படியே எனக்கு வந்து சேர்ந்துச்சு. பேப்பர் கையில இருந்து விழுந்துடுச்சு.

ஆனா என்னை உலுக்கினது அது இல்ல. அவ நிக்கல. உள்ள அவ வாசிச்சிக்கிட்டே போறா. நான் கூப்பிட்டு அவ நிறுத்தாம இருந்ததே இல்ல. முப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு தடவைகூட இல்ல. எந்த வேலையில இருந்தாலும் நிறுத்திட்டு, "என்னங்க"ன்னு கேப்பா. அடுப்படியில இருந்தாலும் சரி, சாமி ரூம்ல இருந்தாலும் சரி. நான் அந்த ரூம் வாசல்ல போய் நின்னேன். இன்னும் ரெண்டு தரம் கூப்பிட்டேன், சத்தமாவே. அவ குடவோலையில பேர் எழுதற முறையைச் சொல்லிக்கிட்டுப் போயிட்டா.

அப்பத்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. அந்தப் பழைய பதிவுல, அந்த ஆள் கூப்பிடுவான் இல்ல, அவன் கூப்பிட்டவுடனே, அவன் மேற்கொண்டு பேசறதுக்கு முன்னாடி, மைக்கை விட்டு முகத்தைத் திருப்பி அவ ஒன்னு சொல்லுவா. சின்னதா. "என்னங்க." அவன் வர்ற ஒவ்வொரு பாடத்துலயும் இருந்திருக்கு. எத்தனை தடவை போட்டுக் கேட்டிருக்கேன்! நான் அந்த ஆள் என்ன பேசறான்னே கேட்டுக்கிட்டு இருந்துட்டேன் தம்பி, அவ சொன்னதை எடுத்துக்கவே இல்ல. அத்தனை வருஷப் பதிவுல மீதி எல்லாம் அவ அந்தப் பசங்களுக்குப் பேசினது. எனக்குன்னு பேசினது அது ஒன்னுதான். அதையும் சேர்த்துத்தான் வெட்டிட்டு வந்திருக்கேன்.

தாரிணிகிட்ட ஓடினேன். நீங்க வச்சுக்க வேணாம்னு சொன்னீங்களே சார்னு அழாக்குறையாச் சொல்லுச்சு அந்தப் பொண்ணு. சங்கத்துல போய்க் கேட்டேன். பாடத்திட்டம் மாறினப்பவே பழசையெல்லாம் அழிச்சிட்டாங்களாம். சுபாவுக்குப் போன் பண்ணினேன். அன்னைக்குப் பென்டிரைவ்ல எடுக்கவிடாம அனுப்பினது நீங்கதானேப்பான்னா. திட்டல. அழவும் இல்ல. அவ அவ்வளவு மெதுவாப் பேசி நான் கேட்டதே இல்ல.

கடைசியில செங்குட்டுவனுக்குப் பண்ணினேன். ஜூனியர் பசங்களுக்குக் கொடுக்கும்போது நான் பேசற இடத்தையெல்லாம் ஹாஸ்டல்ல அவங்களே வெட்டிட்டுத்தான் கொடுத்தாங்களாம். எதுக்கும் தேடிப் பார்த்துச் சொல்றேன்னார். நேத்து அவரே கூப்பிட்டார். பழைய போன் ஒன்னு பரண்ல கிடந்துச்சாம், அதுல ஒரே ஒரு பாடம் வெட்டாம இருக்காம். பிரெஞ்சுப் புரட்சி. "ஆனா சார், அதுல நீங்க ரொம்ப நேரம் பேசுவீங்க, பரவாயில்லையா"ன்னு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நான் பேசறது இருக்கட்டும். அவ என்னங்கன்னு சொல்றாளா, கேட்டுச் சொல்லுங்க"ன்னேன்.

"கேட்டுட்டுத்தான் சார் கூப்பிடறேன். சொல்றாங்க. ரெண்டு தடவை சொல்றாங்க. நீங்க அதுக்குப் பதில் சொல்லல சார், பேசிக்கிட்டே போறீங்க."

அதனால என்ன தம்பி. பெரம்பலூர் போயி இப்ப பதில் சொல்லிட்டாப் போச்சு.